வேலியில்லா வயல்கள்: லாக்ஸ்டன், நாட்டிங்காம்ஷர்
முன்னே விரியும் நிலத்தில் வேலியைத் தேட வேண்டாம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொதுவயல்கள் பெரும்பாலும் சட்டத்தின் துணையோடு வேலியடைக்கப்பட்டுத் தனிப் பண்ணைகளாயின. அதிலிருந்து தப்பிய மிகச் சில ஊர்களில் இது ஒன்று.

மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு. ஆண்டுதோறும் முறை மாறும். ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் இராது, கீற்றுக் கீற்றாகச் சிதறிக் கிடக்கும்.

வேலியில்லாவிட்டால் எல்லைத் தகராறு வராதா? வரும். அதற்குத்தான் ‘கோர்ட் லீட்’ என்னும் ஊர் நீதிமன்றம். விவசாயிகளே அடங்கிய நடுவர் குழு, குளிர்காலத் தொடக்கத்தில் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிவந்து முளைக்குச்சி அடிக்கும். பாதையையோ பொதுப் புல்தரையையோ சேர்த்து உழுதவருக்கு அபராதம் உண்டு. விதிப்பவரும் கட்டுபவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அங்கேதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலப்படம் கீற்றுகளை ஒன்றுவிடாமல் காட்டுகிறது. ஏர் ஓட்டுபவர்களையும் அறுவடை செய்பவர்களையும்கூட அவர் சின்னதாக வரைந்திருக்கிறார். மூலப்படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல கீற்றுகள் இணைக்கப்பட்டதால், இன்று நீங்கள் காண்பவை அப்படத்தில் உள்ளவற்றைவிட அகலமானவை.