நமக்குப் பிறகு பிள்ளைக்கு யார் துணை?
மாற்றுத்திறனாளிகளுக்கான சுயவாழ்வு வீடுகள்: மூத்த பெற்றோருக்கு ஒரு விளக்கம்

குருபோங், செங், பத்து பெரெண்டாம் வட்டாரங்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்த பெற்றோர் சிலர், நாற்பது வயதான மகனையோ மகளையோ இன்னும் தாங்களே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது எல்லாம் அம்மா அப்பாவின் வேலை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தபோது, அம்மா பால் மரம் சீவப் போனாலும் பிள்ளையை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டார்கள். தாமான் வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் துணை குறைந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளும் வேலைக்காகக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள்.

"நான் கண்ணை மூடிய பிறகு இவனுக்கு யார்?" என்ற கேள்வி உங்கள் மனத்திலும் இருக்கலாம். அதற்கு உள்ள பதில்களில் ஒன்று சுயவாழ்வு வீடு.

சுயவாழ்வு வீடு என்றால் என்ன?

குடியிருப்புப் பகுதியில் உள்ள ஒரு சாதாரண வீட்டில் மாற்றுத்திறனாளிகள் மூன்று முதல் ஐந்து பேர் சேர்ந்து வாழ்வார்கள். என்ன சமைப்பது, எப்போது தூங்குவது, யாரை வீட்டுக்கு அழைப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். தேவையான இடத்தில் உதவ ஒரு துணையாளர் இருப்பார்.

சுயமாக வாழ்வது என்றால் எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று பொருளில்லை. சட்டைப் பொத்தானைப் போட இன்னொருவர் உதவலாம். எந்தச் சட்டை என்பதைச் சொல்பவர் அவர்தான்.

உதவியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு வாரம் இரண்டு முறை வந்து செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். இன்னொருவருக்குக் காலையும் மாலையும் ஆள் வேண்டும். வேறொருவருக்கு இரவிலும் துணை வேண்டும். கடுமையான குறைபாடு உள்ளவர்களும் போதிய துணையிருந்தால் இப்படி வாழ முடியும்.

தமிழ்நாட்டில் நடந்தது

சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட 'தி பேன்யன்' என்னும் தொண்டு நிறுவனம், மனநோயால் தெருவில் தவித்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்து சிகிச்சை அளித்து வந்தது. பலர் குணமடைந்து குடும்பத்துடன் சேர்ந்தார்கள். ஆனால் சிலருக்குத் திரும்பிப் போக வீடில்லை. நோய் தணிந்த பிறகும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் மருத்துவ நிலையத்திலேயே இருக்க வேண்டியிருந்தது.

2015-இல் அந்த நிறுவனம் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்குள் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பெண்கள் சேர்ந்து குடியிருக்க ஏற்பாடு செய்தது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்துத் துணையாளர்களாக நியமித்தது. குடியிருப்பவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். சிலர் வேலைக்கும் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இதையும் ஒரு நல்ல முன்மாதிரியாகக் காட்டியுள்ளது.

நம் நாட்டில் நிலை என்ன?

மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) 2008-இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தை மலேசியா 2010-இல் உறுதிப்படுத்தியது. யாருடன், எங்கே வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்க மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் நம் நாட்டில் இத்தகைய வீடுகள் இன்னும் குறைவு. பெரும்பாலும் தொண்டு அமைப்புகளே அவற்றை நடத்துகின்றன. இடம் உடனே கிடைக்காமல் போகலாம். ஆகவே முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

பகல் நேரப் பயிற்சிக்குப் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் உள்ளன. 1984-இல் திரங்கானு மாநிலம் பத்து ராக்கிட்டில் தொடங்கிய இத்திட்டம் பிறகு எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. துணி மடிப்பது, தேநீர் கலக்குவது, காசு எண்ணுவது போன்றவற்றை அங்கே பழகலாம். பின்னர் தனி வீட்டில் வாழ இவையே அடிப்படை.

ஏன் இப்போதே திட்டமிட வேண்டும்?

பெற்றோர் திடீரென்று பக்கவாதத்தில் விழுந்தாலோ, இறந்துவிட்டாலோ, பிள்ளை ஒரே நாளில் தாயையும், வீட்டையும், பழகிய அன்றாட வாழ்க்கையையும் இழக்கிறது. எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே அனுப்ப வேண்டியதாகிறது. நீங்கள் நலமாக இருக்கும்போதே மாற்றத்தைத் தொடங்கினால், பிள்ளை மெல்லப் பழகும். வாரக்கடைசியில் நீங்கள் போய்ப் பார்க்கலாம். தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்து வரலாம். பிள்ளையைக் கைவிட்டதாக யாராவது பேசலாம். உங்கள் காலத்திற்குப் பிறகும் பிள்ளை தடுமாறாமல் இருக்க வழி செய்வதும் பெற்றோரின் கடமைதான்.

இன்றே செய்யக்கூடியவை

1. ஓகேயு கார்டு: இன்னும் பதியவில்லை என்றால், அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மருத்துவரின் சான்று பெற்று, சமூகநல இலாகாவில் பதியுங்கள். கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உள்ளன. உதவித் தொகைகளுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கார்டு தேவைப்படும்.

2. பிள்ளையிடம் கேளுங்கள்: எங்கே, யாருடன் இருக்கப் பிடிக்கும் என்று கேளுங்கள். பேச முடியாதவர் முகக்குறிப்பால், நடத்தையால் சொல்வார்.

3. ஒரு நோட்டுப் புத்தகம்: மருந்துகள், ஒவ்வாமை, கிளினிக் நாள், பிடித்த உணவு, பயப்படும் விஷயங்கள், கோபம் வந்தால் எப்படிச் சமாதானப்படுத்துவது என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இவை உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை.

4. சிறு வேலைகள்: பிள்ளையால் செய்யக்கூடியதை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். நேரம் எடுத்தாலும் பொறுத்திருங்கள்.

5. வெளியே ஓர் இரவு: மாதம் ஒருமுறை உறவினர் வீட்டில் தங்கிப் பழகட்டும்.

6. பணம்: நீங்கள் சொக்சோ சந்தாதாரராக இருந்தால், உழைக்க இயலாத பிள்ளைக்கு 21 வயதுக்குப் பிறகும் வாரிசு பென்ஷன் கிடைக்க வாய்ப்புண்டா என்று விசாரியுங்கள். இபிஎஃப் வாரிசு நியமனத்தைச் சரிபாருங்கள். பெருந்தொகையைப் பிள்ளையால் நிர்வகிக்க முடியாது என்றால், உயில், அறக்கட்டளை ஏற்பாடு பற்றி அமானா ராயா அலுவலகத்தில் கேளுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை

• வீடு சமூகநல இலாகாவில் பதிவு செய்யப்பட்டதா? 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நான்கு பேருக்கு மேற்பட்டோரையோ நான்கு பேரையோ தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.
• இரவில் துணையாளர் இருக்கிறாரா? அவசரத்தில் யாரை அழைப்பது?
• மருந்தை யார் கொடுக்கிறார்? எங்கே எழுதி வைக்கிறார்?
• குடியிருப்பவரின் பணத்துக்குத் தனிக் கணக்கு உண்டா? குடும்பத்தார் பார்க்கலாமா?
• தமிழ் பேசுபவர் யாராவது இருக்கிறாரா? பிள்ளைக்குப் பழகிய சாப்பாடும் வழிபாடும் கிடைக்குமா?
• முன்கூட்டிச் சொல்லாமல் பார்க்க வரலாமா?

கடைசிக் கேள்விக்கு "கூடாது" என்று பதில் வந்தால், காரணத்தைக் கேளுங்கள். அங்கே குடியிருப்பவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

யாரை அணுகலாம்?

அடுத்த முறை கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகும்போது மருத்துவரிடமோ தாதியிடமோ இது பற்றிப் பேசுங்கள். மலாக்கா தெங்கா மாவட்ட சமூகநல அலுவலகத்தில் நேரிலும் விசாரிக்கலாம். சமூகநல உதவி பற்றிக் கேட்கவும், யாராவது கவனிப்பின்றியோ துன்புறுத்தப்பட்டோ இருப்பதைத் தெரிவிக்கவும் தாலியான் காசே எண் 15999-ஐ அழைக்கலாம்.

போகும்போது ஓகேயு கார்டு, பிள்ளையின் மைகார்டு, மருந்துச் சீட்டு, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.