பட்டறையின் உட்சுவர்

மும்பையில் பட்டறை நடத்தும் நேயர்கள் உட்சுவருக்கு பிளைவுட் பலகையை நாடுவது இயல்பே; கருவிகளை மாட்ட வசதியானது. ஆயினும் வெல்டிங் பொறி தெறிக்கும் மூலையில் அது விறகுக்கு ஒப்பாகும். அங்கே தீப்பற்றாத சிமெண்ட் நார்ப்பலகையே ஏற்றது. பழைய கல்நார்த் தகடு மலிவாகக் கிடைப்பினும் அதை அறுத்துப் பொருத்தலாகாது. அதன் தூசு நுரையீரற் புற்றுநோய் விளைவிக்க வல்லது. ஜிப்சம் பலகை தீயைத் தாங்கும். ஈரத்தையும் சம்மட்டி அடியையும் தாங்காது.

மற்றச் சுவர்களின் பகை, ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை. ஈரச்சுவரில் எண்ணெய் வர்ணம் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி வர்ணம் கொப்புளித்து உரியும். நமக்குப் பழகிய சுண்ணாம்போ ஈரத்தை வெளியேற விடும், வெளிச்சமும் கூட்டும்; சட்டையில் ஒட்டுவது அதன் குறைதான். எதைச் செய்யினும் கூரைக் கசிவை அடைத்து, சுவர் உலர்ந்த பின்னரே தொடங்குக.