சாவி யாரிடம்?

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல் தொடங்கியது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைக் குழுவாக ஆராய்ந்து கட்டுரை தர வேண்டும். தமிழகத்தில் இதை ஒருங்கிணைத்து வந்திருப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகளுக்குத் தலைப்புப் பஞ்சம் கிடையாது. சாத்தனூர் கல்மரம், காரைப் புதைபடிவங்கள், சிமெண்ட் ஆலைத் தூசு, மக்காச்சோளப் படைப்புழு என்று கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. வேலை நடக்கும் விதத்தில்தான் சறுக்கல். பெயர் எல்லாருக்கும், உழைப்பு ஒருத்திக்கு, கடைசி வாரத்தில் ஊகத்தால் நிரம்பும் அட்டவணை.

தொழிற்சாலைகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. தரக் கட்டுப்பாட்டு அறிஞர் ஷூவார்ட்டின் யோசனை இது, டெமிங் பரப்பினார். சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-ல் அவர் பெயரிலான டெமிங் விருது பெற்றது இந்த ஒழுங்கில் வேலை செய்துதான்.

வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் ‘பட்டறையில் சின்ன வெங்காயம் ஏன் அழுகுகிறது’ என்று ஒரு குழு ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் வேலையைச் சுவரில் ஒட்டுங்கள்: பட்டறைக்காரரிடம் அனுமதி, வாராவாரம் எடை, அழுகியது, முளைத்தது பிரித்தல், பதிவு, கணக்கு, எழுத்து. நடக்க வேண்டியபடி அல்ல, நடந்தபடி. வேலை செய்த நாளுக்கு ஒரு நிறம், காத்திருந்த நாளுக்கு வேறு நிறம்.

காத்திருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்து ‘ஏன்’ கேளுங்கள். வியாழக்கிழமை எடை இல்லை. ஏன்? தராசு கிடைக்கவில்லை. ஏன்? ஆய்வக அலமாரியில் பூட்டியிருந்தது. ஏன்? சாவி ஆசிரியரிடம், அவர் பயிற்சிக்குப் போய்விட்டார். எடை எடுக்க வேண்டிய மாணவி சோம்பேறி என்று தொடங்கிய பேச்சு சாவியில் வந்து நிற்கிறது. டொயோட்டாவின் ஓனோ ஐந்து முறை கேட்கச் சொன்னார். இங்கே மூன்றே போதும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம்: வியாழனன்று தராசு யார் கையில் என்பதை முந்தின நாளே முடிவு செய்வது. இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். எடுக்க வேண்டிய அளவுகளில் எத்தனை அன்றைக்கே நோட்டில் ஏறின என்பதே சோதனை. தராசையும் ஆளையும் நோட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஆசிரியர்களுக்கு இந்த அவசரம் அதிகம்.

இந்த எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடவே கூடாது. போட்டால் எடுக்காத எடையும் நோட்டில் ஏறிவிடும்; அப்புறம் அழுகலைப் பற்றி அந்த நோட்டு எதையும் சொல்லாது. காலியான கட்டத்தைக் காலியாகவே விட்டு, பக்கத்தில் காரணம் எழுதும் பிள்ளையைப் பாராட்டுங்கள்.

எண்ணிக்கை ஏறினால் அது குழுவின் வழக்கமாகட்டும். ஏறாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு, சுவரில் காத்திருந்த அடுத்த இடத்தைப் பாருங்கள்.

கடைசியாக அடுத்த ஆண்டுக் குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு. யார் வீட்டுப் பட்டறை, எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார், தராசுக்கு யாரைக் கேட்பது. ஆய்வுக் கட்டுரையில் இதற்கெல்லாம் இடமில்லை. ஜூலையில் தொடங்கும் குழு முதலில் தேடுவது இதைத்தான்.