பட்டறை வேலைக்குக் கிரைண்டர் வாங்குவோர் கவனத்திற்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கரும்பு வெட்டுக்கு முன்பும், மணிலா பிடுங்கும் பருவத்திலும் உழவர் வீடுகளில் இரும்பு வேலை குவிந்துவிடுகிறது. வெட்டுக்கத்திகளுக்குச் சாணை பிடிக்க வேண்டும். தேய்ந்த கொழுவைச் சீர் செய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயை அறுத்து இணைக்க வேண்டும். ஊர்க் கொல்லுப் பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டதால், விவசாயிகள் சிலர் சொந்தமாகக் கைக் கிரைண்டர் வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கும் கூலிக்கு வேலை செய்து கொடுக்கின்றனர். இவர்கள் பெரும்பாலும் கடையில் 'ஏஜி 4' என்று கேட்டு வாங்குவது ஒரே வேகத்தில் ஓடும் 4 அங்குலக் கிரைண்டர். குழாய் அறுக்க அது போதும். கத்தி தீட்டத்தான் அது பொருந்துவதில்லை.

இக்கருவி 1954ஆம் ஆண்டில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. இரும்புத் தொழிற்சாலைகளில் வெல்டிங் தழும்பை வேகமாகச் சீவி எடுப்பதற்கென்று உருவானது என்பதை நினைவில் வைத்தால், அதன் குணம் விளங்கும். 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக்கல், நிமிடத்திற்கு 11,000 சுற்று சுழலும்போது, அதன் விளிம்பு விநாடிக்கு 72 மீட்டர் வேகத்தில் செல்கிறது; அதாவது மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இந்த வேகத்தில் கத்தியின் மெல்லிய வாயை வைத்தால், சில விநாடிகளில் உராய்வுச் சூடு ஏறிவிடும். எஃகு முதலில் வைக்கோல் மஞ்சள் நிறமும், பிறகு பழுப்பும், சுமார் 300 டிகிரி சென்டிகிரேடில் நீல நிறமும் கொள்ளும். நீலம் படர்ந்துவிட்டால் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கத்தி அன்று பளபளக்கும், மறுநாளே மழுங்கும்.

மழுங்கிய கத்தியால் வரும் நஷ்டம் கூலியோடு நிற்பதில்லை. கரும்பின் அடிக்கணுக்களில்தான் சர்க்கரைச் சத்து மிகுதி. ஆகவே தரையோடு ஒட்டி ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். கூரில்லாத கத்தி கட்டையைப் பிளந்துவிடும். பிளந்த கட்டையில் நோய்க் கிருமிகள் புகுந்து, மறுதாம்புப் பயிரின் முளைப்புக் கெடும். ஆலைக்குப் போகும் கரும்பும் குறையும், அடுத்த பயிரும் குறையும்.

இதற்காகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கிரைண்டர்கள் வந்துள்ளன. நடுத்தர விலையில் கிடைப்பவை பொதுவாக நிமிடத்திற்கு 3,000 சுற்றிலிருந்து 11,000 சுற்று வரை ஓடும். பின்புறம் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி வேகத்தை வைக்கலாம். 3,000 சுற்றில் விளிம்பின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் மட்டுமே. அந்த வேகத்தில், மணல்தாள் இதழ்களை அடுக்கி ஒட்டிய ஃப்ளாப் டிஸ்க்கைப் பொருத்தி, லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, இடையிடையே கத்தியைத் தண்ணீரில் நனைத்தால் பதம் கெடாது. குழாய், கம்பி அறுக்க முழு வேகம் வேண்டும். துரு நீக்கும் கம்பி பிரஷ்ஷுக்கு நடுவேகம் ஏற்றது; பிரஷ்ஷின் மேல் அச்சிட்டுள்ள வேக அளவை மீறக் கூடாது.

ஆனால் வேகம் குறைக்கும் முறை எல்லாக் கருவிகளிலும் ஒன்றல்ல. சிலவற்றில் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் குறைக்கப்படுகிறது, அவ்வளவே. கல் இரும்பைத் தொட்டவுடன் இவை திணறி நின்றுவிடும். மற்றவற்றில், பளு ஏறினாலும் வைத்த வேகத்தைக் காக்கும் மின்னணு அமைப்பு உண்டு. கூலி வேலைக்கு இரண்டாவது வகையையே வாங்க வேண்டும். கடையிலேயே குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஓர் இரும்புத் துண்டில் லேசாக அழுத்திப் பார்த்தால், ஓசை இறங்குகிறதா இல்லையா என்பதிலிருந்து வித்தியாசம் தெரிந்துவிடும். விலையைக் கண்டு தயங்கி, சாதாரணக் கிரைண்டரை மின்விசிறி ரெகுலேட்டரில் இணைத்து ஓட்டுவோரும் உண்டு. ரெகுலேட்டர் கருகும், சில நேரம் மோட்டாரும் கருகும்.

குறைந்த வேகத்தில் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகவே சுழலும் என்பதை மறக்கலாகாது. நீண்ட நேரம் தீட்டியபின், பளு இல்லாமல் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு நிறுத்துவது நல்லது.

வாட் அளவைப் பொறுத்தவரை, சொந்த வேலைக்கு 850 வாட் போதுமானது. கூலிக்குச் செய்வோருக்கு 1,000 முதல் 1,400 வாட் வரையுள்ள 125 மில்லிமீட்டர் கருவி ஏற்றது. 100 மில்லிமீட்டர் வட்டக்கல்லின் நடுத்துளை 16 மில்லிமீட்டர். 125க்கு 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது. காப்பு மூடியைக் கழற்றிவிட்டு 7 அங்குலக் கல்லை மாட்டுவது உயிருக்கு ஆபத்து. அந்தக் கல் நிமிடத்திற்குச் சுமார் 8,500 சுற்றுக்கு மேல் தாங்காது, 11,000இல் சிதறும். மரம் அறுக்கும் பல் வட்டத்தைக் கிரைண்டரில் மாட்டும் வழக்கமும் கிராமங்களில் பரவியுள்ளது. பல் மரத்தில் சிக்கினால் கருவி கையை மீறி எகிறித் தொடையையோ முகத்தையோ கிழித்துவிடும். இதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

மின்வெட்டுள்ள ஊர்களுக்கு முக்கியமான ஓர் அம்சம், மறுதொடக்கத் தடுப்பு. மின்சாரம் போனதும் சுவிட்சை அணைக்காமல் கிரைண்டரைத் தரையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது சகஜம். மின்சாரம் திரும்பியதும் சாதாரணக் கருவி தானே ஓடத் தொடங்கும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் என்ன ஆகும்? தடுப்பு உள்ள கருவி, சுவிட்சை அணைத்து மீண்டும் போட்டால்தான் ஓடும். கடைக்காரரிடம், ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கி மீண்டும் சொருகிக் காட்டச் சொல்லலாம்.

வீட்டிலிருந்து களத்துமேட்டுக்கு மெல்லிய ஒயரை இழுத்தால் வோல்ட்டேஜ் இறங்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 மீட்டர் தூரத்திற்கு, 1,200 வாட் கருவி ஓடும்போது சுமார் 13 வோல்ட் குறைகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இது 4 வோல்ட் அளவே.

வட்டக்கல்லுக்கும் ஆயுள் உண்டு. நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது கடந்த கல்லையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய கல்லையும் பயன்படுத்தலாகாது. அறுக்கும் மெல்லிய கல்லின் பக்கவாட்டில் தீட்டவும் கூடாது. கண்ணாடி அணிவது கட்டாயம். பொறி பல அடி தூரம் பறக்கும் என்பதால், வைக்கோல் போர், கரும்புத் தோகை, கூரை வீடு ஆகியவற்றுக்கு அருகில் வேலை வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைக் கிரைண்டரால் அறுத்தால் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஆண்டுக்கு நான்கைந்து அரிவாளும் களைக்கொத்தும் மட்டும் தீட்டுபவருக்கு இக்கருவி தேவையில்லை. சாணைக்கல்லும் அரமும் போதும். சாதாரணக் கிரைண்டரைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ விலை கொடுக்க வேண்டியிருப்பதால், ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் முன், தேயும் கார்பன் பிரஷ் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கிடைக்கிறதா என்று விசாரித்து, ஒரு ஜோடியைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து, ரசீதுடன் பத்திரப்படுத்துவது அவசியம்.