படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடிக்கும் முன்…

பள்ளி திறக்கிறதுக்கு முன்னாடியே ரவுண்ட் ராக் பெற்றோருக்கு ஒரு வேலை வந்துவிடும். பிள்ளை பள்ளி அணியில் டென்னிஸோ கூடைப்பந்தோ ஆடணும்னா, டெக்சாஸ் பள்ளி விளையாட்டு அமைப்பான யூ.ஐ.எல். கேட்கும் மருத்துவப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதில், குடும்பத்தில் யாராவது 50 வயதுக்கு முன் இதய நோயாலோ திடீரென்றோ இறந்ததுண்டா என்று ஒரு கேள்வி. நம்மில் பலர் யோசிக்காமல் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஊரில் பெரியப்பா 46 வயதில் “நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவர்தான், எந்திரிக்கல” என்று பாட்டி சொன்ன கதை அந்த நேரத்தில் ஞாபகம் வருவதில்லை.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு. அதற்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தான். பிறவி இதயக் குறைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான், அதிலும் ஆண்களுக்கே அதிகம். பல வருஷம் ஒரு தொந்தரவும் இருக்காது. பிறகு சிலருக்கு வால்வு ஒழுகும், சிலருக்குச் சுருங்கி இறுகும், சிலருக்கு மேலே போகும் பெரிய ரத்தக்குழாய் வீங்கும். இது குடும்பத்தில் ஓடக்கூடியது. அதனால்தான் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லாரும் எக்கோ பார்த்துக்கொள்வது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். 2019-லிருந்து டெக்சாஸில் மாணவருக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்படி பெற்றோர் கேட்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் இதழை எண்ணுவதற்கு ஈ.சி.ஜி. போதாது, எக்கோதான் வேண்டும்.

2014-ல் ‘ஐ’ பட இசை வெளியீட்டுக்குச் சென்னை வந்தாரே அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், அவருக்கும் இதே குறைதான். 1997-ல் அவருடைய நுரையீரல் வால்வை எடுத்து அயோர்டிக் வால்வு இடத்தில் வைத்தார்கள். 1967-ல் டொனால்ட் ராஸ் லண்டனில் தொடங்கிய முறை அது. 2018-ல் நுரையீரல் பக்க வால்வையும், 2020-ல் அயோர்டிக் வால்வையும் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு! மார்பைத் திறந்தது மட்டும் எத்தனை தடவை.

“வால்வு மாத்தியாச்சா?” என்றுதான் ஊரிலிருந்து கேட்பார்கள். ரிப்பேர் என்றால் ஏதோ ஒட்டுப்போட்ட வேலை என்று நினைப்பு. வயசானவருக்கு மாற்றுவதே சரியாக இருக்கலாம். 15 வயசுக்காரனுக்குக் கணக்கு வேறு. உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அடிக்கடி ஐ.என்.ஆர். சோதனை, முருங்கைக்கீரை சாப்பிட்டால்கூட அளவு பார்க்கணும். பெண் பிள்ளை என்றால் பிரசவ காலத்தில் அந்த மாத்திரையே கருவுக்கு ஆபத்து. திசு வால்வோ இளம் உடம்பில் சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து கெட்டுப்போகும். குழந்தைக்கு வைத்த செயற்கை வால்வு குழந்தையோடு வளரவும் வளராது.

அதனால்தான் சொந்த வால்வையே சரிசெய்யும் முயற்சி. தொங்கும் இதழை மடித்துத் தைப்பது, ஒட்டிப்போன தடிப்பைச் சீவி எடுப்பது, விரிந்த வளையத்தை இறுக்குவது, குறைகிற இடத்தில் இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தே துண்டு வெட்டி வைப்பது. தைத்து முடித்ததும் அறுவை அரங்கிலேயே உணவுக்குழாய் வழி எக்கோ வைத்து ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒழுகினால் மறுபடி இயந்திரத்தில் போட்டுத் திருத்துவார்கள். ஒழுகும் இருஇதழ் வால்வைச் சரிசெய்வது பற்றி கிளீவ்லாண்ட் கிளினிக்கிலிருந்து 1994-ல் வந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சார்ல்ஸ் ஃப்ரேசர். அவர் 2018-ல் ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டினுக்கு வந்து, டெல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனையோடு இணைந்த பிறவி இதய நோய் மையத்தை உருவாக்கினார். ஐ-35 கருணை காட்டினால் நம்ம ஊரிலிருந்து அரை மணி நேரம்.

எல்லா வால்வையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. சுண்ணாம்பாகி இறுகிப்போனதை மாற்றத்தான் வேண்டும். சரிசெய்ததும் சில வருஷம் கழித்து மறுபடி ஒழுகலாம். ஆகவே மருத்துவரிடம், வருஷத்துக்கு எத்தனை வால்வு ரிப்பேர் செய்கிறீர்கள், அதில் எத்தனை பேர் மறுபடி மேஜைக்கு வந்தார்கள் என்று கேட்க வேண்டும். “டாக்டரையே கேள்வி கேக்கறதா?” என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே கேட்கலாம், கேட்டால் பதில் சொல்வார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை நம் மௌனம். பெண்ணுக்கு நெஞ்சில் ‘சத்தம்’ இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை, வரன் தட்டிப்போகும் என்று பீரோவில் பூட்டி வைக்கும் வீடுகள் நியூ ஜெர்சியிலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. அந்தக் காகிதம் அவள் அண்ணனுக்கும் வேண்டும், நாளைக்கு அவள் பிள்ளைக்கும் வேண்டும். பொருத்தம் பார்க்க ஜாதகத்தை நாலு பேரிடம் காட்டுகிறோம், எக்கோ ரிப்போர்ட்டை மட்டும் கூடப்பிறந்தவனிடம்கூடக் காட்ட மாட்டேன் என்கிறோம்.

இந்த ஞாயிறு வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிடும்போது, பெரியப்பா எப்படிப் போனார், அவர் அம்மா எப்படிப் போனார் என்று கேளுங்கள். “எதுக்குடா இப்ப அதெல்லாம்?” என்றுதான் முதலில் சொல்வார். இன்னொரு தடவை கேளுங்கள், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு.