தொடையில் போட்ட சிறு துளை

நம் சங்க அன்பர்களில் பலர் ஊரிலிருந்து பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அழைத்து வந்து இங்கே நாக்பூரில் வைத்தியம் பார்க்கிறோம். நானும் 72 வயது அக்காவைத் திருவாரூரிலிருந்து அழைத்து வந்தேன். ஆஞ்சியோகிராம் எடுத்து, அன்றைக்கே பலூன் செலுத்தி ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் சரியாயிற்று. தொல்லை தொடையிலிருந்து வந்தது.

நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் பிரேக் குழாய்களோடு காலம் கழித்த டிப்ளமாக்காரன். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன்.

இதயத்தை எட்ட, தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகுகிறார்கள். அதன் கனத்தை 'பிரெஞ்ச்' என்ற அளவில் சொல்வார்கள். 6 பிரெஞ்ச் என்றால் சுமார் 2 மில்லிமீட்டர். குழாயை எடுத்தபின் துளையை அழுத்திப் பிடித்தால் ரத்தம் உறைந்து அடைபடும். தொடையில் அழுத்தும்போது தமனிக்கு அடியில் எலும்பு இருக்கவேண்டும். அடியில் பட்டறைக்கல் இல்லாமல் சுத்தியலால் அடித்துப் பயனுண்டா? துளை மேலே தள்ளி விழுந்துவிட்டால் எலும்பின் ஆதரவு கிடைக்காது. ரத்தம் வயிற்றின் பின்புறம் கசிந்து சேரும். பிரேக் குழாய் கசிந்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். இது சத்தமில்லாமல் கசியும். இடுப்பு வலி, வியர்வை, ரத்த அழுத்தம் இறங்குதல், இவைதான் அடையாளம்.

யாருக்கு இது அதிகம் வருகிறது? வயதானவர்கள், பெண்கள், மெலிந்த உடம்புக்காரர்கள், மிகப் பருத்தவர்கள், ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள். ரத்தம் உறையாதிருக்க மருந்து அதிகம் கொடுக்க நேர்ந்தாலும், குழாய் பெரிதானாலும், அவசரத்தில் செய்தாலும் ஆபத்து கூடும். அக்கா வயதானவள், பெண், மெலிந்தவள், ரத்த அழுத்தக்காரி. எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை நர்ஸ் வந்து இந்தியில் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு இந்தி தெரியாது. சிரித்துத் தலையை ஆட்டியிருக்கிறாள். பார்வையாளர் நேரத்தில் நான் உள்ளே போனபோது அவள் நெற்றியெல்லாம் வியர்வை. "ஏன்க்கா சொல்லலை?" என்றேன். "மல்லாக்கப் படுத்ததால இடுப்பு வலிக்குதுன்னு நெனச்சேன் தம்பி" என்றாள். ஓடிப்போய்ச் சொன்னேன். ஸ்கேன் எடுத்து, ரத்தம் ஏற்றி, நான்கு நாள் கூடுதலாக வைத்திருந்து அனுப்பினார்கள்.

மணிக்கட்டு வழியில் இந்த ரத்தக் கசிவு மிகக் குறைவு. 1989-ல் கனடாவின் லூசியன் காம்போ என்ற டாக்டர் இவ்வழியில் ஆஞ்சியோகிராம் செய்ததை வெளியிட்டார்; இன்று பல இடங்களில் இதுவே முதல் வழி. அங்கும் தமனி சுருங்குவதும் அடைபடுவதும் உண்டு. ஆனால் கைக்கு இன்னொரு தமனியும் ரத்தம் தருவதால் பெரும்பாலும் பாதகமில்லை. அக்காவின் மணிக்கட்டுத் தமனி மிக மெல்லியதாம். அதனால்தான் தொடைக்குப் போனார்கள்.

தொடை வழியானால், சொன்ன நேரம்வரை காலை மடக்கக் கூடாது. இருமும்போது அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். வீடு வந்தபின் அங்கே துடிக்கும் கட்டி தென்பட்டாலும், வீக்கம் பெருத்தாலும், பாதம் சில்லிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வெளியே வந்தால் படுக்கவைத்து, அழுத்திப் பிடித்தபடி ஆள் அனுப்புங்கள். பயந்துபோய் ஸ்டென்டுக்கான மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

மொழி தெரியாதவரை அனுமதிக்கும்போது, 'இடுப்பு வலி', 'மயக்கம் வருகிறது', 'இங்கே வீங்குகிறது' என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு தாளில் எழுதித் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். நான் இரண்டாம் நாள்தான் எழுதி வைத்தேன்.