செட்டாண்டாவின் கதை

விளையாட்டுகளையே காட்டி வந்த செட்டாண்டா தொலைக்காட்சி 2009-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி பிரிட்டனில் மூடப்பட்டது. கம்பெனிகள் கவிழ்வது உலகில் புதுமையன்று. ஆயினும் அந்த வீழ்ச்சியின் பாரம் யார் தலையில் இறங்கியது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

1990-ல் இத்தாலியில் உலகக் கோப்பைக்காக அயர்லாந்தும் ஹாலந்தும் மோதிய கால்பந்தாட்டத்தைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டவில்லை. லண்டனில் பிழைக்க வந்திருந்த ஐரிஷ்காரர்கள் தவித்தனர். மைக்கேல் ஓரூர்க், லெனார்டு ரயன் என்ற இரு ஐரிஷ்காரர்கள் மேற்கு லண்டனில் ஒரு நடன மண்டபத்தைப் பிடித்து, அங்கே அதைத் திரையிற் காட்டினார்கள். தாய்நாட்டை விட்டு வந்தவர்களின் ஏக்கமே அவர்களுடைய மூலதனம். ஐரிஷ் புராண வீரன் ஒருவனின் பிள்ளைப் பெயரையே தம் ஸ்தாபனத்திற்கும் இட்டார்கள்.

அந்த அளவில் நின்றிருந்தால் குறையொன்றுமில்லை. 2004-ல் ஸ்காட்லாந்து லீக் ஆட்டங்கள் அவர்கள் கைக்கு வந்தன. பிறகு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்கள் யாவும் ஸ்கை என்ற ஒரே ஸ்தாபனத்தின் வசம் இருக்கலாகாது என்று ஐரோப்பியக் கமிஷன் வற்புறுத்தியது. 2006-ல் நடந்த ஏலத்தில், வருஷத்திற்கு 46 ஆட்டங்களை மூன்று பருவங்களுக்குக் காட்ட 39 கோடி 20 லட்சம் பவுன் தருவதாகச் செட்டாண்டா ஒப்புக்கொண்டது. ஏகபோகம் ஒழிந்தது என்றார்கள். ரஸிகனுக்கு லாபம் என்ன? முன்பு ஒரு சந்தா கட்டியவன், எல்லா ஆட்டங்களையும் பார்க்க இப்போது இரண்டு கட்ட வேண்டியதாயிற்று!

பலர் இரண்டாவது சந்தாவைக் கட்டவில்லை. செலவைச் சரிக்கட்டச் சுமார் 19 லட்சம் சந்தாதாரர் தேவை. சேர்ந்தவர்களோ சுமார் 12 லட்சம். அதற்குள் எப்.ஏ. கோப்பை, கோல்ப், நமது ஐ.பி.எல். கிரிக்கெட் என்று வாங்கிக் குவித்தாயிற்று. வராத சந்தாவை நம்பி வாக்குறுதி அளிப்பதை வியாபார தைரியம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். 2009 பிப்ரவரி ஏலத்தில், அடுத்த பருவங்களுக்கு 46 ஆட்டங்கள் 23 ஆகச் சுருங்கின. ஜூனில் தவணைகள் தவறின. பிரீமியர் லீக் உடனே ஒப்பந்தத்தை ரத்துச் செய்து, அந்த ஆட்டங்களை ஈ.எஸ்.பி.என்.னுக்கு விற்றுவிட்டது. பணக்காரக் கழகங்களுக்கு மறு கிராக்கி கிடைப்பதற்குச் சில நாட்களே போதுமாயிருந்தன.

ஸ்காட்லாந்துக் கழகங்களின் கதி வேறு. 2010 முதல் நான்கு வருஷங்களுக்கு 12 கோடி 50 லட்சம் பவுன் என்று செட்டாண்டா எழுதிக் கொடுத்திருந்தது. அது மறைந்தபின் வேறிடத்தில் கிடைத்த தொகை, வருஷக் கணக்கில் அதிற் பாதிகூட இல்லை. இங்கிலாந்தில் ஐந்தாம் படியிலிருந்த சிறு கழகங்களும் வரவேண்டிய பணத்தை இழந்தன. இவர்கள் ஏலத்தை உயர்த்தியவர்களல்லர், கையெழுத்தை நம்பியவர்கள். அந்தப் புராணச் சிறுவனோ, தான் கொன்ற காவல் நாய்க்கு ஈடாகத் தானே வாசலிற் காவல் நின்றானாம்.

அயர்லாந்தில் அப்பெயர் இன்னும் சில காலம் நிலைத்தது. 2016-ல் ஒரு டெலிபோன் கம்பெனி அதை வாங்கி 'ஏர் ஸ்போர்ட்' என்று பெயர் மாற்றியது. 2021-ல் அதுவும் நின்றது.